காய் பொறுக்கும் கையும் இங்கிலீஷ் பரீட்சையும்

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்களின் கண்ணுக்கு நல்ல காய் தெரியாது. தெரியவும் கூடாது, அதுதான் தொழில். தட்டு நிறையக் காயைக் கொட்டிப் பரப்பினால் வெடித்தது, கறுத்தது, வெளிறியது, பூச்சி அரித்தது என்று கழிசல்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். பட்டதும் கை போய் அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். நடுவில் மூளை வந்து யோசனை சொன்னால் சோலி கெட்டுப்போகும். கழிசல் எல்லாம் போன பிறகு தட்டில் எது கிடக்கிறதோ அது நல்ல காய். அதை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. சாக்கில் சரித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஏலக்காய் வியாபாரி மாரீஸ்வரனின் குடோனில், ஊர்ப்பேச்சில் கிட்டங்கியில், இந்த வேலையில் அனுசியாவை அடிக்க ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே பொறுக்க வந்தவள். தபாலில் பி.காம். படித்து முடித்ததுகூட அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான். வாய் பக்கத்திலிருக்கும் மொக்கம்மாளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கண் வாசலில் போகிற ஜீப்பைப் பார்க்கும், கை மட்டும் கோழி கொத்துகிற மாதிரி தட்டில் கொத்திக்கொண்டே இருக்கும். மாரீஸ்வரன் வெளியூர் வியாபாரிகளைக் கூட்டிவந்து அவள் கையைக் காட்டியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட கைதான் அவளுக்கு எமனாக வந்து வாய்த்தது.

அனுசியா பேங்கு கிளார்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன்பு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. கணக்கில் புலி. மற்றதிலும் மோசமில்லை. இங்கிலீஷில் மட்டும் மதிப்பெண்ணைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இந்த வருசத்தோடு அந்த வாசல் சாத்திவிடும்.

வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருசன் ஈஸ்வர், தினமும் விடியக் கருக்கலில் ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறவன். பூப்பாறைக்கு அங்கிட்டு ஒரு ஏலத்தோட்டத்தில் புருசனும் பெண்டாட்டியுமாக வந்து தங்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்கு எஸ்டேட் ஜீப்பு, அவளுக்குக் காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை, குடியிருக்க வீடு. நல்ல இடம்தான். ஆனால் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகன் நிலவனைச் சிலமலையில் அனுசியாவின் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பையனை விட்டுவிட்டு இருக்க அனுசியாவுக்கு மனசே இல்லை.

ஈஸ்வர் கெட்டவன் இல்லை. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவனே ஒரு முடிவு சொன்னான்.

“இங்க பாரு அனுசு. வேல கெடைக்கிறதெல்லாம் அப்பறம். ரெண்டு கட்டத்துல இந்த மொதக் கட்டப் பரீட்சையில மட்டும் நீ தேறிட்டயின்னா நான் தோட்டத்துக்காரங்ககிட்ட வரலைன்னு சொல்லிர்றேன். தேறலயா, பேசாம மூட்டயக் கட்டிருவோம். அதுக்கு மேல அவுகளும் காத்திருக்க மாட்டாக.”

“சரிங்க,” என்றாள் அனுசியா. வேறு என்ன சொல்வாள்?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேக்கரி மாடியில் ராம்பிரசாத் சார் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். பன் வேகிற வாசனையில் பாடம் நடக்கும், அதனால் சாயங்கால வகுப்பில் யாருக்கும் கவனம் நிற்காது. அனுசியாவின் மாதிரித் தேர்வைப் பார்த்துவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் இரண்டு மாதிரிக் கேள்விகள் வரும். ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் தப்பு என்று கேட்பது ஒன்று. வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, நாலு சொல்லைக் கொடுத்துச் சரியானதைப் போடச் சொல்வது இன்னொன்று. முதல் ரகத்தில் அனுசியாவுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டாவதில் ஒன்றுகூடச் சரியில்லை.

“கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினாக்கூட நாலுக்கு ஒண்ணு சரியா விழும்மா. நீ எப்படி அத்தனையையும் தப்பாப் போடுற? அதுக்கே தனித் திறமை வேணும்,” என்றார் சார்.

அனுசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, இப்ப வாயால சொல்லு. ஈச் ஆஃப் தி விமன்... அடுத்து ஹேவா, ஹேஸா?”

“ஹேஸ் சார்.”

“ஏன்?”

“பொம்பளைக எத்தன பேரு இருந்தாலும் ஈச்சுன்னு சொல்லிட்டா ஒவ்வொருத்தியாத்தான் சார் எண்ணணும். ஒருத்தின்னா ஹேஸ்.”

“பிட்வீன் யூ அண்ட்... ஐயா, மீயா?”

“மீ சார். பிட்வீனுக்குப் பின்னால ஐ வந்தா நிக்காது.”

“இவ்வளவு தெரிஞ்சவ கம்ப்யூட்டர்ல ஹேவையும் ஐயையும் அமுக்கி வச்சிருக்கியே!”

அனுசியா எட்டிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

“நானா சார் அமுக்குனேன்?” என்றாள். அவள் நடிக்கவில்லை என்பது சாருக்கே தெரிந்தது. செய்வினையாக இருக்குமோ என்று ஒரு கணம் அவருக்கே தோன்றியிருக்கும், படித்தவர் என்பதால் வெளியே சொல்லவில்லை.

விசயத்தைக் கண்டுபிடித்தது ஈஸ்வர்தான். அதுவும் தற்செயலாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கருவாட்டுக் குழம்பும் சோறுமாக அவன் உட்கார்ந்திருக்க, அனுசியா பக்கத்தில் சுவரில் சாய்ந்து செல்போனில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். மேலே மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. மாமனார் சுருளிவேல் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பையன் தெருவில் விளையாடப் போயிருந்தான். ஈஸ்வர் சோற்றைப் பிசைந்துகொண்டே திரையை எட்டிப் பார்த்தான்.

“நில்லு, நில்லு. இதுல எது சரின்னு ஒனக்குத் தெரியுதா?”

“தெரியுது. மூணாவது.”

“அப்ப ஏன் வெரலு ரெண்டாவதுல போயி விழுகுது?”

அனுசியா தன் விரலைப் பார்த்தாள். அது இன்னும் இரண்டாவதின் மேல்தான் இருந்தது.

“அது வந்துங்க... அது சொத்தையா இருந்துச்சு,” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நிதானமாகக் கேட்டால் சரியானதைச் சொல்லிவிடுவாள். நேரம் விரட்ட ஆரம்பித்ததும் கை கிட்டங்கிக்குப் போய்விடுகிறது. தப்பைக் கண்டதும் எடுத்துக் கூடையில் போடுகிறது. கூடை இல்லாத இடத்தில் அது பதிலாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஈஸ்வர் வாயிலிருந்த சோறு சிதறச் சிரித்தான். சுருளிவேல் என்னவென்று விசாரித்து விவரம் தெரிந்துகொண்டார். வேலை வெட்டி இல்லாத மனிதர், பேச்சு கிடைத்தால் விடமாட்டார்.

“அதென்ன கேள்வித்தா? எனக்கு ஒண்ணு சொல்லு பாப்போம்.”

“மை ஃபாதர் இன் லா... அப்பிடின்னா எம் மாமனாரு. அடுத்து இஸ்ஸு போடணுமா, ஆரு போடணுமான்னு கேப்பாங்க மாமா.”

“என்ன போட்ட?”

“இஸ்ஸுதான். ஒரு ஆளுன்னா இஸ்ஸு, நெறையப் பேருன்னா ஆரு.”

“வாசல்ல படுத்துக் கெடக்கே நாயி, அதுக்கு?”

அனுசியா கொஞ்சம் தயங்கினாள். “அதுக்கும் இஸ்ஸுதான் மாமா.”

“ஏலேய் ஈஸ்வரு, கேட்டியா? எனக்கும் நாய்க்கும் ஒரே மரியாததான்டா இங்கிலீசுல. ஏத்தா, நீ ‘மாமா வந்துருக்காக’ம்பியே, அந்த ‘காக’வெல்லாம் அதுல கெடையாதா?”

“கெடையாது மாமா. ஆனா நாய்க்கு இட்டு, ஒங்களுக்கு ஹீ. அதுல வித்தியாசம் இருக்கு.”

“அந்த மட்டுக்கும் விட்டு வச்சானே வெள்ளக்காரன்,” என்று சுருளிவேல் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். “அப்ப இந்த வீட்ல ஆருங்கிற மரியாத யாருக்குத்தான் குடுப்பாக?”

“நாம எல்லாரும் சேந்து இருந்தா ஆரு மாமா.”

சுருளிவேல் வாயைத் துடைத்துக்கொண்டார். “அப்ப சேந்தே இருங்க,” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் ஈஸ்வர் அனுசியாவைப் பார்த்து, அடுத்த கேள்வியைப் போடச் சொன்னான்.

அன்றிலிருந்து அனுசியா கையைத் திருத்த ஆரம்பித்தாள். கை கெட்டதை எடுக்கப் பழகியிருந்தால் நல்லதை எடுக்கப் பழக்க வேண்டியதுதானே? முறத்தில் தட்டப்பயறைக் கொட்டினாள். கல்லையும் மண்ணையும் சொத்தையையும் விட்டுவிட்டு, நல்ல பயறை ஒவ்வொன்றாக எடுத்து ஏனத்தில் போட்டாள். கை ஆரம்பத்தில் முரண்டு பிடித்தது. கல்லைக் கண்டதும் ஓடியது. அவள் இடது கையால் வலது கையை ஒரு தட்டுத் தட்டி இழுத்துக்கொண்டு வந்தாள்.

“கல்லப் பொறுக்குவாகன்னு கேள்விப்பட்டுருக்கேன்,” என்றார் சுருளிவேல். “பயறப் பொறுக்குறவள இன்னைக்குத்தான்த்தா பாக்குறேன். இந்தக் கொழம்பு நாளைக்காச்சும் வெந்துருமா?”

பயறு, கொள்ளு, ரேசன் அரிசி என்று வீட்டிலிருந்த அத்தனையும் அந்தக் கைக்குப் பாடமாகிவிட்டன. ராம்பிரசாத் சாரின் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறியது. சார் தன்னுடைய புது முறைப் பாடத்தால்தான் ஏறியது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அனுசியா நிலவனை மடியில் போட்டுத் தலை வாரும்போது பாட்டு முணுமுணுக்கிற அளவுக்குத் தெம்பாக இருந்தாள்.

கிட்டங்கியிலும் அதே கைதான் வேலை செய்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மலையில் மேகம் இறங்கி, ஊருக்குள் விடாமல் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு வடக்கே சரக்கு போகிற நேரம். ஏலத்தில் எடுத்த காய் கிட்டங்கியில் மலையாகக் குவிந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் லாரி. மாரீஸ்வரன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து, “வெரசா, ஆத்தா, வெரசா!” என்று விரட்டிக்கொண்டிருந்தார். அவர் விரட்ட விரட்ட அனுசியாவின் கை பறந்தது. தட்டு மாற்றி தட்டு. கூடை நிறைந்தால் கழிசல் சாக்கில் கொட்டிவிட்டு வந்தாள்.

எதிரே முத்துப்பாண்டியின் டீக்கடை. கிட்டங்கிக் கழிசலைச் சல்லிசாக வாங்கி டீயில் தட்டிப் போடுகிறவர் அவர். அன்று மத்தியானமும் ஒரு பை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு வாசனை கிளம்பியது. சாரலிலும் அடங்காத வாசனை. டீக்கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. லோடுமேன்கள் இரண்டாவது டீ கேட்டார்கள். பஸ்சுக்கு நின்றவர்கள் பஸ்சை விட்டார்கள்.

“என்னடி இது, முத்துப்பாண்டி கடையில கல்யாணமா?” என்றாள் மொக்கம்மாள், மூக்கைத் தூக்கி.

மாரீஸ்வரனும் போய் ஒரு டீ குடித்தார். முதல் வாயில் கண்ணை மூடினார். “ஏய் முத்துப்பாண்டி, ஒன் வாழ்க்கையிலயே இன்னைக்குத்தான்ய்யா டீ போட்டுருக்க,” என்று மெச்சியது கிட்டங்கிக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. இரண்டாவது வாயில் கண்ணைத் திறந்தார். மூன்றாவது வாய் குடிக்கவில்லை. டம்ளரோடு சாரலில் நனைந்துகொண்டே தெருவைக் கடந்து வந்தார். பின்னாலேயே முத்துப்பாண்டி பையோடு ஓடி வந்தார்.

“பையக் கொண்டாய்யா.”

உள்ளே கையை விட்டு அள்ளினார். உருண்டு திரண்டு, பச்சைப் பசேலென்று, ஒன்றுகூட வெடிக்காத முதல் ரகக் காய். மாரீஸ்வரன் ஒன்றும் பேசாமல் போய், தைத்து அடுக்கியிருந்த சாக்கில் ஒன்றைப் பிரித்துத் தரையில் சரித்தார். நல்ல காயோடு கறுப்பும் வெள்ளையும் வெடிப்புமாகக் கலந்து விழுந்தது.

பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

அனுசியா தன் தட்டைப் பார்த்தாள். அதில் கழிசல் மட்டும் அழகாகப் பரந்து கிடந்தது. கூடையைப் பார்த்தாள். அதில் முழுக்க நல்ல காய்.

“நாந்தான் மொதலாளி,” என்று எழுந்து நின்றாள்.

“நீயா? ஒங் கையவா நான் ஊர் பூராம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்?” மாரீஸ்வரனுக்குக் கோபத்தில் குரல் கீச்சென்று ஏறியது. “நல்லத எடுக்கச் சொல்லி எவன்த்தா ஒனக்குச் சொன்னான்? இத்தன வருசமா என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்? கெட்டதத் தூக்கிப் போடு, நல்லது எங்கயும் ஓடிப் போகாது! அது பாட்டுக்குத் தட்டுல கெடக்கும்! அது மேல கையே வைக்காத!”

“பரீட்சைக்குப் பழகுனேன் மொதலாளி...”

“ஏலக்கா பொறுக்குறதுக்கு எவன்த்தா பரீட்ச வைக்கிறான்?”

மொக்கம்மாள் குறுக்கே புகுந்து விவரத்தைச் சொன்னாள். ஹேஸ், ஹேவ் எல்லாம் அவள் வாயில் வேறு உருவம் எடுத்தன. மாரீஸ்வரனுக்குப் பாதி புரிந்தது, கோபம் முழுசாக மிச்சம் இருந்தது. அனுசியா பொறுக்கியது எந்தெந்தச் சாக்கில் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லாச் சாக்கையும் பிரித்து மறுபடி பொறுக்க வேண்டும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். முத்துப்பாண்டியின் பையையும் பிடுங்கிக்கொண்டார். முத்துப்பாண்டி போகும்போது, “குடிச்ச டீயத் திருப்பிக் கேக்காம விட்டீகளே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடியும்போதே எல்லாரும் வந்துவிட்டார்கள். அனுசியா தட்டை இழுத்தபோது மொக்கம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“கைய வச்சிறாத. இன்னைக்கிப் பூராம் கழிசலப் பொறுக்குனயின்னா ஒங் கை பழையபடி ஆயிரும். நாளைக்கிப் பரீட்சையில போயி மறுபடி சொத்தையத் தொட்டுக்கிட்டு வருவ. கையக் கட்டிக்கிட்டு ஒக்காரு. நாங்க பாத்துக்கிறோம்.”

“எந் தப்புக்கு நீங்க பாக்குறதா சின்னம்மா?”

“வாய மூடுடி. வெட்டியா இருக்கப் பிடிக்கலைன்னா அந்தக் கேள்வியையாச்சும் வாசி. எங்களுக்கும் பொழுது போகும்.”

அனுசியா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து செல்போனைப் பார்த்து வாசித்தாள். வாசித்து, தமிழில் விளக்கினாள். பெண்கள் பொறுக்கிக்கொண்டே கூட்டமாகப் பதில் சொன்னார்கள். நீதருக்கும் நாருக்கும் நடுவில் புருசனையும் பிள்ளைகளையும் வைத்து ஒரு கேள்வி வந்தது. யார் கடைசியில் நிற்கிறார்களோ அவர்களைப் பொறுத்துத்தான் வினைச்சொல் என்று அனுசியா சொன்னாள். “எங்க வீட்லயும் கடைசியில சத்தம் போடுறவுக சொல்றதுதான்,” என்று ஒருத்தி சொல்ல, கிட்டங்கி கொல்லென்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து மாரீஸ்வரன் உள்ளே வந்தார். கெடுத்தவள் சாக்கின் மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்து இங்கிலீஷ் வாசிக்கிறாள், மற்றவர்கள் வேர்க்க வேர்க்கப் பொறுக்குகிறார்கள். மனிதருக்கு மூச்சே நின்றுவிட்டது. மொக்கம்மாள் நிமிர்ந்து, “அவ கைக்கி ஓய்வு, மொதலாளி. அவ பங்கையும் சேத்து நாங்க பொறுக்குறோம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவர் வெளியே போய் மழையைத் திட்டினார்.

மத்தியானம்வரை அனுசியா தாக்குப்பிடித்தாள். மொக்கம்மாளுக்கு ஒரு கண்ணில் புரை. தட்டை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு வலிக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். குவியல் பாதிகூடக் குறையவில்லை. நான் தேறுவதற்காக இந்தப் பொம்பளை கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தபோது அனுசியாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் தாங்க முடியவில்லை. செல்போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு தட்டை இழுத்துப் போட்டாள்.

“அடியே, சொன்னாக் கேளு!”

“வர்றது வரட்டும் சின்னம்மா.”

கை ஒரு நிமிசம் தடுமாறியது. அப்புறம் அதற்குத் தன் வீடு ஞாபகம் வந்துவிட்டது. வெடித்தது, கறுத்தது, வெளிறியது என்று கொத்த ஆரம்பித்தது. சாயங்காலம் லாரி வந்து நின்றபோது கடைசிச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அனுசியாவின் கை முன்னைப்போல் பறந்தது. அதைப் பார்த்து மாரீஸ்வரன் ஒருவருக்குத்தான் சந்தோசம்.

வீட்டில் விசயத்தைக் கேட்ட ஈஸ்வர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். “சரி விடு. மலையிலயும் நல்ல காத்துத்தான்,” என்றான். அவன் ஆறுதலாகச் சொன்னதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. நிலவனுக்கு வேண்டுமென்றே இரண்டு தடவை சோறு ஊட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில், ஊருக்கு வெளியே ஒரு காலேஜில் பரீட்சை. முதல் பஸ்சில் போய்விட்டார்கள். ஈஸ்வர் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டான். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர். கணக்கு போடுவதற்கு ஒரு வெள்ளைத் தாளும் கொடுத்தார்கள். இங்கிலீஷ் வந்தது. ரயிலில் நின்றபடி போன ஒருவனைப் பற்றிய பத்தியை வாசித்துப் பதில் போட்டாள். தப்புத் துண்டைக் கண்டுபிடிக்கிற கேள்விகளைக் கை தானாகவே முடித்துவிட்டது. அடுத்து நிரப்புகிற கேள்வி. நேரம் ஓடியது. அவள் சரியானதைத் தேடுவதற்குள் கை பாய்ந்து ஹேவை அமுக்கிவிட்டது.

அனுசியா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போச்சு என்று நினைத்தாள். பூப்பாறை, பூட்டின வீடு, சிலமலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையன் எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவில் மாரீஸ்வரனின் கீச்சுக் குரலும் வந்தது. கெட்டதத் தூக்கிப் போடு, நல்லது எங்கயும் ஓடிப் போகாது.

கையை ஏன் மாற்ற வேண்டும்? கூடை இல்லாததுதானே குறை?

வெள்ளைத் தாளை இழுத்து ஒரு மூலையில் கோடு போட்டாள். அதுதான் கூடை. கேள்வியைப் பார்த்தாள். சொத்தை எது? பி. எடுத்துக் கூடையில் எழுதினாள். ஏ கறுப்பு. டி வெடிப்பு. மூன்றும் போய்விட்டன. சி மட்டும் தட்டில் கிடந்தது. அதை அமுக்கினாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. கை கொத்தியது. பக்கத்து நாற்காலிப் பெண் இவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நேரம் முடிந்து திரை இருண்டபோது சில கேள்விகள் மிச்சம் இருந்தன.

“எப்பிடி?” என்றான் ஈஸ்வர்.

“பொறுக்கிட்டேங்க. கொஞ்சம் மிஞ்சிருச்சு.”

முடிவு வருவதற்குள் தோட்டத்துக்காரர்கள் பொறுமையிழந்துவிட்டார்கள். ஒரு நாள் காலை ஈஸ்வர் ஜீப்பைக் கிளப்பும்போது சொன்னான்: “இன்னைக்கி அவுகளுக்குப் பதில் சொல்லியாகணும் அனுசு. மத்தியானச் சாப்பாட்டு வேளை வரைக்கும் பாக்குறேன். சேதி வரலைன்னா வர்றோம்னு சொல்லி அந்த வீட்டுச் சாவிய வாங்கிட்டு வந்துர்றேன்.” அவள் தலையை ஆட்டினாள். அதுவும் நியாயம்தானே.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால், அவள் கிட்டங்கியில் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, ராம்பிரசாத் சாரிடமிருந்து போன் வந்தது. தேறிவிட்டாளாம். சார் அதைச் சொல்லிவிட்டுத் தன் புது முறைப் பாடத்தைப் பற்றி மேலும் பேசினார், அனுசியா கேட்கவில்லை. ஈஸ்வருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள். அந்தத் தோட்டத்துக்குள் டவர் கிடையாது. கூடையைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

“அண்ணே! ஈஸ்வரத் தெரியுமாண்ணே? பூப்பாறைக்கு அங்கிட்டுத் தோட்டத்துல இருக்காக. நான் பாஸாயிட்டேன்னு சொல்லணும். சாவிய வாங்குறதுக்குள்ள!”

“என்ன பாஸு?”

“பேங்குப் பரீட்சண்ணே!”

“நான் மெட்டு வரைக்குந்தான் போறேன். அங்க யாருட்டயாச்சும் சொல்லி விடுறேன். நீ கவலப்படாத தங்கச்சி.”

மலைப் பாதையில் அப்படித்தான் சேதி போகும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வளைவில் ஒதுங்கி நிற்கும். நிற்கிற நேரத்தில் யார் வீட்டில் சாவு, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் கைமாறிவிடும். போன் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அனுசியா திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கை வேலை செய்தது. மாரீஸ்வரன்கூட விரட்டவில்லை. சாப்பாட்டுத் தூக்கை யாரும் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது.

வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. முன்பின் பார்த்திராத டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“இங்க பேங்கு மேனேசர் அம்மா யாரு?”

கிட்டங்கியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“மேல பூராம் அதே பேச்சாத்தான் கெடக்கு. ஈஸ்வரண்ணே சம்சாரம் மேனேசர் ஆயிட்டாகன்னு. அண்ணே ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. சாவிய வாங்கல, அம்புட்டுத்தான். வர்றேன், வண்டியில லோடு இருக்கு.”

ஜீப்பு போய்விட்டது.

“எந்தச் சாவிய வாங்கலையாம்?” என்றார் மாரீஸ்வரன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மொதலாளி,” என்றாள் மொக்கம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அனுசியாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மொக்கம்மாளின் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் எழுந்து, சேலையை உதறி, பையனை இன்றைக்குத் தானே போய்க் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு, சாரலில் தலைக்கு முந்தானையைக்கூடப் போடாமல் நடந்தாள். வழக்கமாகச் சுருளிவேல்தான் போவார்.

மணியடித்து, பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். நிலவன் அம்மாவைப் பார்த்ததும் நின்றான். பகல் நேரத்தில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை. ஏதோ பெரிய விசயம் என்று அவனுக்குப் புரிந்தது. கண் விரிய ஓடி வந்து முந்தானையைப் பிடித்தான்.

“நாளைக்கி லீவாம்மா?”

அனுசியா குனிந்து அவனை அள்ளித் தூக்கி, நனைந்த கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

“இல்லடா அப்பு. நாளைக்கும் இந்தப் பள்ளிக்கூடந்தான். நாளன்னைக்கும் இதேதான். அடுத்த வருசமும் இதேதான்,” என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

நிலவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான்.